சம்பங்கியும் பவளமல்லியும்: வாசகர் கேள்வி – பதில்

காதலையும் வளரும் பருவத்தையும் அலங்காரமின்றிச் சொல்லும் சில இந்திப் படங்களைச் சென்ற இதழில் பரிந்துரைத்திருந்தேன். அவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பாராட்டைவிட மறுப்பே அவற்றில் அதிகமாக இருப்பதால், இம்மாதப் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

தாங்கள் சொன்னதற்காக ‘ரஜ்னிகந்தா’ பார்த்தேன். ஒரு பெண் தில்லியிலிருந்து பம்பாய்க்குப் போய்த் திரும்பி வருகிறாள், அவ்வளவுதான். எதிர்க்கும் அப்பா இல்லை, சண்டை இல்லை, பெரிய அழுகையும் இல்லை. இதில் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
*— ஓர் ஆசிரியை, கோத்தகிரி*

படத்தில் இல்லாதவற்றை மிகச் சரியாகவே பட்டியலிட்டிருக்கிறீர்கள். அவை ஏன் இல்லை என்று யோசித்தால் படம் திறந்துகொள்ளும். நமக்குப் பழக்கமான காதல் கதையில் தடை வெளியில் நிற்கிறது. அப்பாவாகவோ, பணமாகவோ, ஊராகவோ அது வரும். அதை அகற்றிவிட்டால் கதையும் முடிந்துவிடும். 1974-இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய இந்தப் படத்தில் தடை நாயகி தீபாவின் மனத்துக்குள்ளேயே இருக்கிறது. தில்லியில் இருக்கும்போது அவள் சஞ்சயை நேசிக்கிறாள். பம்பாய்க்கு நேர்முகத் தேர்வுக்குப் போன இடத்தில் பழைய காதலன் நவீனைச் சந்தித்ததும், அவன்மேல் இருந்த அன்பு அணையவே இல்லை என்று உணர்கிறாள். இரண்டுமே பொய்யில்லை என்பதுதான் அவளுடைய சிக்கல். மன்னு பண்டாரி எழுதிய மூலக்கதையின் தலைப்புக்கு ‘இதுவே உண்மை’ என்று பொருள். கான்பூரிலும் கல்கத்தாவிலும் இருந்து எழுதப்படும் நாட்குறிப்பாக அமைந்த அந்தக் கதையில், எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊரின் அன்பையே உண்மை என்று அவள் நம்புகிறாள். ஒரு பெண் தன் மனத்தைத் தானே இவ்வளவு நேர்மையாக விசாரிப்பதை அதுவரை வந்த இந்திப் படங்கள் அதிகம் காட்டியிருக்கவில்லை.

மறுபடி பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால், இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். முதலாவது, காத்திருத்தல். சஞ்சய் ஒருபோதும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வந்தாலும் அலுவலகத்துப் பதவி உயர்வைப் பற்றியே வாய் ஓயாமல் பேசுகிறான், ஆனால் கையில் பூங்கொத்து இருக்கிறது. நவீன் தவறாமல் வருகிறான், அவளுடைய வேலைக்காக அலைகிறான், ஆனால் அவள் கேட்க ஏங்கும் ஒரு சொல்லை மட்டும் சொல்வதில்லை. யார் யாரைக் காக்க வைக்கிறார்கள் என்பதை மட்டுமே தொடர்ந்து பார்த்தாலும் முழுக் கதையும் புரிந்துவிடும். இரண்டாவது, அந்த டாக்சிப் பயணம். தீபாவும் நவீனும் பின்னிருக்கையில் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள், சலீல் சௌத்ரியின் இசையில் முகேஷ் பாடுகிறார், அவளுடைய பார்வை அவனுடைய கையை நோக்கிப் போகிறது, அந்தக் கை நகர்வதில்லை. முகேஷுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அது. அந்தச் சில நிமிடங்களில் நடப்பது ஒரு கொலைக் காட்சியைவிடப் பெரிய நிகழ்ச்சி என்றுதான் நான் நினைக்கிறேன்.

பாசு சாட்டர்ஜி படம் எடுக்க வருவதற்கு முன்பு ‘பிளிட்ஸ்’ வார இதழில் பல ஆண்டுகள் கேலிச்சித்திரம் வரைந்தவர். ஒரே கோட்டில் ஒரு மனிதனைப் பிடித்துவிடும் அந்தப் பழக்கம் அவருடைய படங்களில் எங்கும் தெரிகிறது. ரஜ்னிகந்தா என்பது வேறொன்றுமில்லை, நாம் மாலை கட்டும் சம்பங்கிதான். பகலில் அடங்கியிருந்து இருட்டிய பிறகு மணக்கும் பூ அது.

என் பதினேழு வயது மகன், “அப்பா, இதைப் பாருங்கள்” என்று சொல்லி ‘உடான்’ படத்தைப் போட்டுக் காட்டினான். பார்த்து முடித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கண்டிப்பான தகப்பனையெல்லாம் கொடியவனாகக் காட்டும் இப்படிப்பட்ட படங்கள் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத் தருகின்றன?
*— ஒரு தந்தை, வெலிங்டன்*

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களை நேரில் பார்த்துப் பேசுவதாகவே எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விக்ரமாதித்ய மோட்வானி 2010-இல் இயக்கிய இந்தப் படம், அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் ‘அன் சர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் இடம்பெற்றது. சிம்லாவில் விடுதிப் பள்ளியில் படிக்கும் ரோஹன் அங்கிருந்து நீக்கப்பட்டு, ஜாம்ஷெட்பூரில் இருக்கும் தந்தையிடம் திரும்புகிறான். எட்டு ஆண்டுகளாகத் தந்தை அவனை வந்து பார்க்கவே இல்லை. வீட்டில் அவன் இதுவரை அறியாத ஒரு தம்பி இருக்கிறான். தந்தையை ‘சார்’ என்றுதான் அழைக்க வேண்டும், விடிகாலையில் அவரோடு ஓட வேண்டும், அவருடைய தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் படிக்க வேண்டும். அவனோ எழுத்தாளனாக விரும்புகிறான்.

அந்தத் தந்தை கண்டிப்பானவர் என்பதற்காகப் படம் அவரைக் குற்றம் சாட்டவில்லை. கண்டிப்பு எந்த இடத்தில் வன்முறையாக மாறுகிறது என்பதை அது மிக நுணுக்கமாகக் காட்டுகிறது. ரோனித் ராய் அந்தப் பாத்திரத்தை ஓர் அரக்கனாக நடிக்கவே இல்லை. தான் வளர்க்கப்பட்ட விதமே சரியான விதம் என்று மனதார நம்பும் ஒருவராக, தன் வாழ்க்கை தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்ளும் துணிவில்லாதவராக, குடித்த இரவுகளில் மட்டும் கொஞ்சம் இளகுபவராக அவர் தெரிகிறார். ஆறு வயதுக் குழந்தையின் உடம்பில் அடியின் தடம் தெரியும்போதுதான் நமக்கு உண்மை உறைக்கிறது. அடிப்பதை நேரடியாகக் காட்டாமல், அதன் பின்விளைவை மட்டும் நம் முன் வைத்த இயக்குநரின் அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

முடிவை நினைத்துப் பாருங்கள். தந்தையை முந்திக்கொண்டு ஓடித் தப்பித்த ரோஹன் நேராக நண்பர்களிடம் போயிருக்கலாம். பார்வையாளர்களாகிய நாமும் கைதட்டிவிட்டு எழுந்திருப்போம். அவனோ தம்பிக்காகத் திரும்பி வருகிறான். தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத வயதில் இன்னொரு உயிரைப் பொறுப்பேற்கிறான். படம் முழுக்க ஓட்டம் என்பது தந்தைக்குப் பயந்து ஓடுவதாக இருந்தது, அந்த ஓரிடத்தில் மட்டும் அது வேறொன்றாகிறது.

நம் மலையூர்களில் இந்தப் படம் இன்னும் நெருக்கமாக வந்து தொடுவதற்குக் காரணமுண்டு. லவ்டேலிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுதிப் பிள்ளைகளைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். விடுமுறை தொடங்கும் நாளில் யாரோ வருவார்கள் என்று பெட்டியோடு பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளையின் முகம் நமக்குப் புதிதில்லை. ரோஹன் பிறந்த மண்ணும் நமக்குத் தூரமில்லை. ஜாம்ஷெட்பூர் இருக்கும் ஜார்க்கண்டிலிருந்து வந்து இன்று நம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களும் தங்கள் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டே வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தான் எழுதுவதைத் தந்தை ஒருமுறையாவது மதித்துக் கேட்கமாட்டாரா என்று ரோஹன் ஏங்குகிறான், அது நடப்பதே இல்லை. உங்கள் மகன் உங்களை உட்கார வைத்து இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறான், நீங்களும் கடைசி வரை எழுந்து போகாமல் பார்த்திருக்கிறீர்கள். எந்தக் காட்சி அவனுக்கு மிகவும் பிடித்தது என்று கேளுங்கள். மறுப்பு எதுவும் சொல்லாமல், அவன் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள்.

‘மஸான்’ படத்தில் ஷாலுவைச் சாகடித்தது நியாயமா? சாதியைப் பேச வந்த படம், பேருந்து விபத்து ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டது என்பது என் கருத்து.
*— ஒரு கல்லூரி மாணவி, கொடைக்கானல்*

இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை என்று ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். விபத்து நடந்திருக்காவிட்டால், காசியில் பிணம் எரிக்கும் டோம் குடும்பத்தில் பிறந்த தீபக்கும், அவனைவிட உயர்ந்ததாகக் கருதப்படும் சாதியில் பிறந்த ஷாலுவும் தங்கள் குடும்பங்களை நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டியிருக்கும். அந்தச் சந்திப்பைப் படம் நமக்குக் காட்டவில்லை. “எதிர்த்தால் ஓடிவிடுவோம்” என்ற துணிவுக்கு ஷாலு வந்துவிட்ட பிறகு, அந்தத் துணிவைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் கதை அவளுக்குத் தரவில்லை என்ற உங்கள் ஏமாற்றம் எனக்கும் உண்டு.

ஆனால் தப்பித்தல் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நம் அகப்பாடல் மரபை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது அகத்திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த விதி. நீங்கள் வாழும் குறிஞ்சி நிலத்துக்கு உரிய ஒழுக்கமே காதலர் கூடுவதுதான். அங்கே அவன் வெறும் மலைநாடன், அவள் வெறும் தலைவி. பெயரில்லாததால் அந்தக் காதல் எல்லாருக்கும் உரியதாகிறது. நீரஜ் கேவான் 2015-இல் இயக்கிய இந்தப் படத்தில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. பெயர் தெரியாத வரைதான் இவர்களுடைய காதல் இனிக்கும். நீ எங்கே வசிக்கிறாய் என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தீபக் நழுவுவதையும், இனியும் நழுவ முடியாத நாளில் தான் யார் என்பதைக் கோபமாக அவளிடம் கொட்டிவிடுவதையும் கவனித்திருப்பீர்கள். தன் முகவரியைச் சொல்வதற்கே ஒருவனுக்கு அவ்வளவு கோபம் தேவைப்படுகிறது. சாதியைப் பற்றி ஒரு மணி நேரம் வசனம் பேசினாலும் இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது.

அதன் பிறகு வருவது மயானக் காட்சி. படித்து வெளியேறிவிட வேண்டும் என்று நினைத்த அதே படித்துறையில், பிறந்த சாதியினால் அவன் கைக்கு வந்து சேர்ந்த அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது, துணி விலகித் தெரியும் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கொண்டு அவளை அடையாளம் காண்கிறான். விபத்து தற்செயலாக நேர்ந்தது. அவளை எரிக்கும் இடத்தில் அவன் நிற்பது தற்செயல் இல்லை. காதலியாக அவளை வீட்டுக்குள் அழைத்துச் செல்ல இடம் தராத ஒழுங்கு, பிணமாக அவளை அவனிடமே கொண்டுவந்து சேர்க்கிறது. கதை எழுதிய வருண் குரோவரும் இயக்குநரும் தங்கள் பதிலை இந்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. நீங்கள் இதை ஏற்காமல் போனாலும், மறுமுறை பார்க்கும்போது அந்தப் படித்துறையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே படத்தின் இன்னொரு நாயகியான தேவியை ஏன் உங்கள் கடிதம் மறந்துவிட்டது என்றும் கேட்கத் தோன்றுகிறது. விடுதி அறையில் காதலனோடு இருந்ததற்காகக் காவல் அதிகாரியால் மிரட்டப்பட்டு, அவளுடைய தந்தை மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தாக வேண்டிய நிலை. அந்தப் பணத்தைத் திரட்ட அந்த முதியவர் படும் பாட்டைப் படம் ரூபாய் ரூபாயாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ரிச்சா சட்டா அந்தப் பெண்ணை ஒருமுறைகூடத் தலைகுனிய வைக்கவில்லை. ரயில்வே சீட்டு விற்கும் வேலையில் அமர்ந்து, தன் வாழ்க்கையைத் தானே மீட்டெடுக்கும் அவளும் வளர்கிறாள்.

ஊட்டியில் எடுக்கப்பட்ட எத்தனையோ இந்திப் படங்களில் நம் ஊர் உண்மையாகவே தெரிகிறதா?
*— ஒரு வாசகர், உதகை*

பெரும்பாலும் இல்லை. தேனிலவுக்கும் பாட்டுக்கும் ஒரு பச்சைத் திரையாகவே நம் மலையை அவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1998-இல் ‘தில் சே’ படத்துக்காக நம் மலை ரயிலின் கூரைமேல் ஆடிய பாட்டு அழகானதுதான், ஆனால் அந்த ரயிலில் தினமும் போய்வரும் மனிதர் யாரும் அதில் இல்லை. விதிவிலக்காக நான் சொல்வது 1983-இல் வந்த ‘சத்மா’. பாலு மகேந்திரா தம்முடைய ‘மூன்றாம் பிறை’யையே இந்தியில் மறுபடி எடுத்தார். ஒரு பள்ளி ஆசிரியரின் எளிய வீடு, குளிர், மூட்டம், ரயில் நிலையம் என்று நாம் வாழும் மலை அதில் இருக்கிறது. வளரும் பருவத்தைப் பற்றிய படங்களில் அது தனி வகை என்றும் சொல்வேன். வளர்ந்த ஒரு பெண் நினைவிழந்து மறுபடி குழந்தையாகிறாள். அவள் குணமாகி மீண்டும் பெரியவளாகும்போது, வளர்த்தவனை அவளுக்கு அடையாளம் தெரிவதில்லை.

இந்தி தெரியாத எங்களைப் போன்றவர்கள் இப்படங்களை முழுமையாக ரசிக்க முடியுமா?
*— ஒரு வாசகர், கூடலூர்*

முடியும். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் விருது பெற்ற பிற மாநிலப் படங்களை எழுத்தோட்டத்தின் (சப்டைட்டில்) துணையோடு பார்த்தே என் தலைமுறை சினிமாவைக் கற்றது. இத்தகைய படங்களில் பாதிச் செய்தி பேச்சில் இல்லை என்பதும் உங்களுக்குச் சாதகம். பாசு சாட்டர்ஜியின் முதல் படமான ‘சாரா ஆகாஷ்’ (1969) புதிதாக மணமான இருவர் ஒரே வீட்டில் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமலே வாழ்வதைப் பற்றியது. ராஜேந்திர யாதவ் எழுதிய நாவலைத் தழுவிய படம் அது. பேசாதவர்களுக்கு எழுத்தோட்டம் எதற்கு? அந்த ஆக்ரா வீட்டின் மாடிப்படியையும் சமையலறைப் புகையையும் கே.கே. மகாஜனின் ஒளிப்பதிவு பேச வைத்திருக்கிறது. அதற்காக அவர் தேசிய விருதும் பெற்றார்.

எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. பேத்தி வற்புறுத்தியதால் நீங்கள் சொன்ன படங்களில் இரண்டைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இவையெல்லாம் சிறுவயதினருக்கான படங்கள் இல்லையா? பெண் பார்த்து, நாள் குறித்து, முகம் தெரியாதவரைக் கட்டிக்கொண்டு வந்த எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?
*— ஒரு பாட்டி, பண்ணைக்காடு*

அம்மா, உங்கள் கேள்விக்காகவே எடுத்தது போன்ற ஒரு படம் இருக்கிறது. சரத் கட்டாரியா இயக்கி 2015-இல் வந்த ‘தம் லகா கே ஹைஷா’. சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தொண்ணூறுகளின் ஹரித்வாரில், பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் அப்பாவின் ஒலிநாடாக் கடையைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். ஆசிரியப் பயிற்சி முடித்த, உடல் பருத்த ஒரு பெண்ணைப் பெரியவர்கள் அவனுக்கு மணம் முடித்து வைக்கிறார்கள். கூட வெளியே போகவே அவன் கூச்சப்படுகிறான். கல்யாணம் முதலில் நடக்கிறது, காதல் பிறகு மெதுவாக வருகிறது. அதற்குள் அவன் சொன்ன ஒரு கொடிய சொல்லுக்கு அவள் எல்லார் முன்னிலையிலும் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, வேலை தேடித் தன் வழியே போகத் தயாராகிவிடுகிறாள். அவளுடைய தன்மானத்தைக் குறைத்துக் காட்டி அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை என்பதுதான் இந்தப் படத்தில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

வளர்வது சிறுவயதினருக்கு மட்டும் உரியது என்பதை ரித்தேஷ் பத்ராவின் ‘லஞ்ச்பாக்ஸ்’ (2013) மறுக்கிறது. பணி ஓய்வை நெருங்கிய, மனைவியை இழந்த ஒருவருக்குச் சாப்பாட்டு டப்பா மாறி வந்து சேர்கிறது. சமைத்து அனுப்பிய இளம் பெண்ணோடு அந்த டப்பாவின் வழியாகவே கடிதம் எழுதிக்கொள்கிறார். அவளைச் சந்திக்கப் போக வேண்டிய நாளில், குளியலறையில் தன் தாத்தாவின் வாசனை அடிப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. அது தன்னுடைய வாசனைதான், தனக்கே வயதாகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. இர்ஃபான் கான் இதைச் சொல்லும் குரலில் தன்னிரக்கம் ஒரு துளியும் இல்லை. அவர்கள் சந்தித்தார்களா என்பதைப் படம் சொல்லாமல் விடுகிறது. பலருக்கு அது குறையாகப் பட்டிருக்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை, ஏனெனில் எழுதத் தொடங்கியபோது இருந்த மனிதர்களாக இருவருமே இப்போது இல்லை.

பேத்தியோடு பார்க்க இன்னொன்றும் சொல்கிறேன். சூஜித் சர்க்காரின் ‘அக்டோபர்’ (2018). ஹோட்டல் ஒன்றில் பயிற்சி பெறும் பெண் மாடியிலிருந்து விழுந்து நினைவிழக்கிறாள். விழுவதற்குச் சற்று முன்பு அவள் தன்னைப் பற்றி விசாரித்தாள் என்ற ஒரே காரணத்துக்காக, அவளோடு நெருங்கிப் பழகியிராத சக பயிற்சியாளன் ஒருவன் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்து அவள் அருகில் உட்காரத் தொடங்குகிறான். அவளுடைய பெயர் ஷியூலி. இரவில் பூத்து விடிகாலையில் உதிரும் நம் பவளமல்லிதான் அது. மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதை மிதிக்காமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கு இருக்கும். படத்தில் அந்தப் பூ வரும்போது பேத்திக்கு அதைச் சொல்லுங்கள்.